ஆடு ஏறலாம், ஆள் ஏறக்கூடாது

வண்டியின் பின்கதவு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எதிரே அக்கா வீட்டு உறவு மொத்தமும் திரண்டு நின்றது.

பட்டுப்புடவையும் கட்டைப்பையுமாகப் பெண்கள். இடுப்பில் ஏறிய பிள்ளைகள். வெயில் அப்போதுதான் தெருவுக்குள் எட்டிப் பார்த்தது. வண்டிக்குள் எங்கள் கடைச் சமையல் அண்டாக்களைக் கவிழ்த்து அடுக்கியிருந்தோம். நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் யாரோ அவற்றின் மேல் ஜமக்காளம் விரித்துவிட்டிருந்தார்கள். மூலையில் கட்டியிருந்த இரண்டு கிடாக்கள் வேப்பந்தழையை மென்றுகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தன.

"கதவ எறக்கு மச்சான். நேரமாவுது" என்றார் மாமா. அக்காவின் கணவர் தனசேகரைத்தான் மாமா என்கிறேன்.

"போன்லயே சொன்னனே மாமா. ஆள ஏத்த முடியாது. நான் பேசி வெச்ச வேன் எங்க?"

"அத நேத்தே வேணாம்னு சொல்லிட்டேன்."

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் கம்மாபுரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமம். அங்கிருந்து திட்டக்குடி பக்கம் வெள்ளாற்றங்கரையில் இருக்கும் மாமாவின் குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும். அக்கா மகள் யாழினிக்கு மொட்டை, காதுகுத்து. எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

மாமா கிடாக்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆடு ஏறலாம், நாங்க ஏறக்கூடாதா? ஆட்டுக்கு இருக்கற மரியாத எங்களுக்கு இல்லையா மச்சான்?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குரலை இறக்கி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இப்ப நீ கதவ எறக்கலன்னா மடிக்கு வேற ஆள பாத்துக்கறோம். ஒங்க சித்தப்பா பையன் குமாரும் ஒங்கக்காவுக்குத் தம்பி மொறைதான்."

நான் கதவை இறக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லாமல் மேலே போனால், படிக்கிறவர்களும் மாமா கட்சிக்குப் போய்விடுவார்கள்.

வண்டிக்கு நாலு பிறந்த நாள்

சிதம்பரத்தில் எங்களுக்குப் பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை இருக்கிறது. அப்பா மூன்று சக்கர மிதிவண்டியில் கட்டை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் பந்தல் போட்டவர். அவருக்குக் கையெழுத்து மட்டும் வரும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்து முடித்ததும் வேலைக்குப் போகாமல் கடையிலேயே உட்கார்ந்தேன். வங்கியில் கடன் போட்டுச் சரக்கு வண்டி ஒன்று எடுத்தோம். அது நன்றாக ஓடியதால் கொஞ்சம் பெரியதாக இன்னொன்று.

வண்டி வாங்கும்போது அதை ஓட்டுவது எப்படி என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். வைத்துக்கொள்வது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

இன்சூரன்ஸ் ஒரு மாதத்தில் முடியும். வரி இன்னொரு மாதத்தில். புகைச் சான்று தனிக் கணக்கு. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று அதிகாரி சோதித்துத் தரும் எஃப்.சி.க்கு வேறு தேதி. ஒன்று தவறினாலும் மற்ற மூன்றும் இருந்து பயனில்லை. எல்லாவற்றையும் என் செல்போனில் ஏற்றி, முன்கூட்டியே மணி அடிக்கும்படி வைத்தேன். கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கும்போது அது அலறும். அப்பா ஏணியிலிருந்து கேட்பார்: "எந்த வண்டிக்குடா பொறந்த நாளு?"

எங்கள் வீட்டில் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. என்னுடையதே பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்டதுதான். "மனுசனுக்கு ஒண்ணு கெடையாது, வண்டிக்கு மட்டும் நாலு" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் சிரிக்காத விஷயம் ஒன்று உண்டு. பந்தல் சவுக்குக் கட்டைகள் வண்டியை விட நீளம். பின்பக்கம் வாலாக நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் போதும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருந்த சட்டம். அப்படியெல்லாம் நீட்டிக்கொண்டு போகக்கூடாது என்று தெரிந்ததும் நான் கட்டைகளை வண்டி அளவுக்கு அறுத்தேன். உயரமான பந்தலுக்கு, ஒன்றில் ஒன்று செருகும் இரும்புக் குழாய் வாங்கினேன். மரத்தூள் வாசம் கடை முழுக்க நின்றது. அறுத்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை.

அந்தத் துண்டுகள் அண்டா அடுப்புக்கு விறகாகப் போயின. நன்றாகத்தான் எரிந்தன.

கடலூரில் ஒரு டீக்கடை பெஞ்சு

இதெல்லாம் செய்துகொண்டிருந்தபோதும் ஆள் ஏற்றும் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. எங்கள் பந்தல் ஆட்கள் கட்டை மேல் உட்கார்ந்து வருவார்கள். சமையல்காரர்கள் அண்டாவுக்குள் காலை விட்டுக்கொண்டு வருவார்கள். விசேஷம் முடிந்தால் அந்த வீட்டுக்காரர்களில் நாலு பேர் "சிதம்பரம்தான போற?" என்று ஏறிக்கொள்வார்கள். இதைத் தப்பு என்று யாராவது சொன்னால் பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பேன்.

ஒரு முறை எஃப்.சி.க்காகக் கடலூர் போயிருந்தேன். வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, ஒளிரும் பட்டை ஒட்டி, வரிசையில் விட்டிருந்தேன். மதியம் ஆகும் என்றார்கள். எதிரே டீக்கடை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வேறொரு முதலாளியின் வண்டியைக் கொண்டுவந்திருந்த டிரைவர். ஆரோக்கியசாமி என்று பெயர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. என் வண்டியைப் பார்த்துவிட்டு, சொந்த வண்டியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கும் ஒன்று இருந்ததாகச் சொன்னார்.

சர்ச் திருவிழாவுக்குத் தன் ஊர் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு வளைவில் எதிரே பஸ் வர, பின்னால் நின்றவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறார்கள். வண்டி வாய்க்காலில் கவிழ்ந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அவருடைய அத்தை மகளுக்கு மட்டும் ஒரு கால் போய்விட்டது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் நாங்கள் பொறுப்பில்லை என்று இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"அவ என் மேல கேஸ் போட்டாதான் அவளுக்கு எதனா கெடைக்கும். போட மாட்டேன்னு அழுதா. நான்தான் போடச் சொன்னேன்" என்றார்.

டீயை ஆற்றிக்கொண்டே மேலே சொன்னார். கோர்ட்டில் அவளுடைய வக்கீல் கேள்வி கேட்டாராம். குடித்திருந்தாயா, பிரேக் பிடித்ததா, காசு வாங்கினாயா என்று. அவள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம். இவர் குடிக்காதவர் என்பது அவளுக்குத் தெரியுமாம்.

"அதுக்கப்பறம் அவளும் எங்கிட்ட பேசல, நானும் அவகிட்ட பேசல. இப்ப ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சா அவ அந்த வாசல்ல போறா, நான் இந்த வாசல்ல போறேன்."

என் வண்டி எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். விளக்கு, பிரேக், டயர் எல்லாம் பார்த்தார்கள். பிழை ஏதும் இல்லை. வெளியே வந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து இன்சூரன்ஸ் காகிதத்தை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். தமிழ் வழியில் படித்தவன். புரியாத சொல்லுக்கெல்லாம் செல்போனில் பொருள் தேட வேண்டியிருந்தது. கடைசியில் புரிந்தது இதுதான்: டிரைவரோடு முன் சீட்டில் ஒருவர். பின்னால் சரக்கு. அவ்வளவுதான்.

மறுநாளே எங்கள் ஆட்களை வண்டியில் ஏற்றுவதை நிறுத்தி பஸ் காசு கொடுத்தேன். முதல் பஸ் வருவதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும் என்று முணுமுணுத்தார்கள். தூர ஊர் என்றால் ஷேர் ஆட்டோ பேசிவிட்டேன். கடைக்கு ஒவ்வொரு விசேஷத்திலும் கொஞ்சம் கையைக் கடித்தது. ஆனால் ஆட்களை மாற்றலாம். உறவை என்ன செய்வது என்று அப்போது யோசிக்கவில்லை.

சொந்த வண்டி என்னும் சீர்

யோசிக்க வைத்தது அந்தக் காதுகுத்துதான். வேன் பேசி, முன்பணமும் கட்டிவிட்டேன். மாமா அதை ஏன் வேண்டாம் என்றார் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. புடவை, வேட்டி, தோடு, பழத்தட்டு போல மாமன் வீட்டு வண்டியும் ஒரு சீர். வண்டி இல்லாத மாமன் வாடகை வேன் பிடித்தால் பெருமை. வண்டி வைத்திருக்கிற மாமன் வாடகை வேன் பிடித்தால், தன் வண்டியில் உங்களை ஏற்ற மனசில்லை என்று பொருள். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாமா தன் ஊரில் "எம் மச்சான் ரெண்டு வண்டி வெச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அன்று அந்த ஊருக்கு எதிரே நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆரோக்கியசாமி அண்ணன் கதையைச் சொல்லிப் பார்த்தேன். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது வாயில் வருகிற பேச்சா இது என்று மாமாவின் அத்தை ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மாமா எதிர்வீட்டு முருகேசனைக் கூப்பிட்டார். அவர் முந்திரி மூட்டை ஏற்றும் சரக்கு வண்டி வைத்திருப்பவர். தங்கமான மனிதர். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு வந்து தன் வண்டிக் கதவை இறக்கிவிட்டார். என் வண்டியிலிருந்த ஜமக்காளம் அந்த வண்டிக்கு மாறியது. எல்லோரும் ஏறினார்கள். அக்காவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதில்தான் ஏறினாள்.

என் பக்கத்துச் சீட்டில் அப்பா. பின்னால் அண்டாவும் ஆடும்.

போகிற வழியில் ஒரு கூட்டுரோட்டில் போலீஸ்காரர்கள் கைகாட்டி நிறுத்தினார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., புகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். அந்த நேரத்தில் முருகேசனின் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் நின்ற மொத்தக் கூட்டமும் எனக்குக் கை ஆட்டியது. பொடிசுகள் "ஓ" என்று கத்தின. காகிதம் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்வதற்குள் வண்டி போய்விட்டது.

எல்லாம் சரியாக இருக்கிறது, போகலாம் என்றார். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்று மட்டும் கேட்டார்.

வண்டியை எடுத்தேன். அப்பா ரொம்ப தூரம் வரை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

மடி

கோயிலில் அடுப்பு மூட்டியாகிவிட்டது. வெங்காயம் வதங்கும் வாசம் ஆற்றங்கரை வரை வந்தது. யாழினிக்கு மொட்டை அடித்து, தலையில் சந்தனம் பூசியிருந்தார்கள். அரசமரத்தடியில் பாய் விரித்து, ஆசாரி ஊசியும் தோடுமாக உட்கார்ந்துவிட்டார்.

குமார் பைக்கில் வந்திருந்தான். புது வேட்டி கட்டியிருந்தான். மாமா அவன் தோளில் கை போட்டுப் பாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். அவனுக்கு என்னைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

நான் சீர்த்தட்டை வைத்துவிட்டுப் பாயின் ஓரத்தில் நின்றேன். உட்காரவும் முடியவில்லை, ஒதுங்கவும் முடியவில்லை. மாமாவின் பங்காளி ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "மாமன் மடியில எத்தினி பேருக்கு சீட்டு போட்டுருக்கு? ஆர்.சி. புக்க பாத்து சொல்லச் சொல்லுங்கப்பா."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால்.

"ஒருத்தருக்குதான்" என்றேன்.

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குமாரைத் தாண்டி வந்து என் எதிரில் நின்றாள். கண் சிவந்திருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

"ஒக்காரு. கோவத்த வூட்டுல போயி வெச்சிக்கறேன். ஒக்காருடா மொதல்ல."

உட்கார்ந்தேன். மொட்டைத் தலை என் நெஞ்சில் சாய்ந்தது. சந்தனம் சட்டையில் ஒட்டியது. ஊசி இறங்கியதும் யாழினி கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றவர், இரண்டாவது காதுக்குச் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். அந்தப் படத்தில் என் முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. அதைத்தான் கடையில் மாட்டியிருக்கிறேன்.

முன்னால் போன வண்டி

திரும்பும்போது மேகம் மூடிவிட்டது. பிள்ளைக்குக் காது சிவந்து உடம்பு சுட்டது. திறந்த வண்டியில் காற்றில் கொண்டுபோகக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா என் வண்டிக் கதவருகே வந்து நின்றாள். கேட்கவில்லை. அப்பா தானாகவே இறங்கினார்.

"நீங்க பஸ்ல வாங்கப்பா, ஸ்டாப்புல எறக்கி வுடறேன்" என்றேன்.

"ஸ்டாப் வரைக்கும் எங்க ஒக்காருவேன்? ஒன் மடியிலயா?" என்றார். துண்டை உதறித் தலையில் கட்டினார். "கட்ட மேல ஒக்காந்தே பாதி ஆயுசு ஓட்டியிருக்கேன். நீ ஒன் வண்டிக்குதான்டா ஓனரு."

முருகேசனின் வண்டியில் ஏறிக்கொண்டார். உட்கார இடமில்லை. கடைசியில், கதவை ஒட்டி, பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கைக்குழந்தை ஒரு ஆள் கணக்கில் வருமா என்று நான் எந்தக் காகிதத்திலும் தேடிப் பார்க்கவில்லை. அன்று தேடவும் தோன்றவில்லை.

அந்த வண்டி முன்னால் போனது. நான் பின்னால் போனேன். முந்தியிருக்கலாம். முந்த மனசு வரவில்லை. தூறல் விழுந்தது. அவர்கள் எங்கள் கடைப் பந்தல் துணியை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். நனையாமல் இருக்கட்டும் என்று கிளம்பும்போது நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். துணியின் விளிம்பில் அப்பா பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்றார். வைப்பர் ஒவ்வொரு முறை துடைத்தபோதும் அவர் தெரிந்தார். யாழினியைப் பார்த்துக் கை ஆட்டினார். அவளும் அழுகையை நிறுத்திவிட்டுக் கை ஆட்டினாள்.

"ரெண்டு கையாலயும் புடிக்கச் சொல்லேன்" என்றாள் அக்கா.

"இங்கேருந்து எப்படிச் சொல்ல?"

விருத்தாசலம் தாண்டி ஒரு கரும்பு டிராக்டர் குறுக்கே திரும்பியது. முருகேசன் பிரேக் அடித்தார். பின்னால் நின்ற கூட்டம் ஒன்றாக முன்னால் போய் ஒன்றாகப் பின்னால் வந்தது. அப்பாவின் கை கம்பியை விட்டு, மறுபடி பிடித்தது. பெண்கள் கத்திவிட்டு, பிறகு சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஒன்றும் ஆகவில்லை.

அக்காவின் ஒரு கை குழந்தையை அணைத்திருந்தது. இன்னொரு கை கண்ணாடிக்குக் கீழே பலகையில் ஊன்றியிருந்தது. ஊர் வரும் வரை அதை எடுக்கவில்லை.

"எடம் வுட்டுப் போடா" என்றாள்.

தெருவில் வண்டிகள் நின்றன. அக்கா தூங்கிவிட்ட குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். நேராக முருகேசன் வண்டியின் பின்னால் போனாள். யாரும் வருவதற்குள் கொண்டியைத் தட்டிவிட்டுக் கதவை இறக்கினாள். அப்பாவுக்குத் தோள் கொடுத்து இறக்கினாள். அவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. கொஞ்ச நேரம் அவள் தோளைப் பிடித்தபடியே நின்றார்.

மாமா என் ஜன்னல் பக்கம் வந்தார். முகத்தில் காலையிலிருந்த இறுக்கம் இல்லை.

"பாத்தியா ஆர்.டி.ஓ. சார்? அத்தினி பேரும் முழுசா வந்து எறங்கிட்டோம்."

"ஆமாம் மாமா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் இன்றைக்கும் என்னை அந்தப் பேர் வைத்துத்தான் கூப்பிடுகிறார்.

அவர் உள்ளே போன பிறகு அக்கா குழந்தையை வாங்கிக்கொள்ள வந்தாள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டவள் உடனே போகவில்லை.

"அந்த வேன்காரரு நம்பரு வெச்சிருக்கியா?"

"இருக்கு."

"தையில இவரு தங்கச்சிக்கு வளகாப்பு வருது. எனக்கு அனுப்பி வுடு. நானே பேசிக்கறேன்."

அண்டாக்களை இறக்குவதற்கு முன்னாலேயே அனுப்பிவிட்டேன்.